ஒன்றும் இல்லாததாலேயே ராஜாவானவர்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 1669ல் போலந்துக்காரர்கள் ஓட்டுப் போட்டு மிஹாவ் கொரிபுத் விஷ்னியோவியெத்ஸ்கி என்பவரை ராஜாவாக்கினார்கள், அவர் அழுதுகொண்டே பதவி ஏற்றார், நாலு வருடத்தில் பாதி நாட்டைத் துருக்கியரிடம் தொலைத்தார், கடைசியில் ஆயிரம் ஆப்பிள் தின்று செத்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இதில் எது உண்மை என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் இருப்பதுதான் நிஜமான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது: யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தவர்கள் ஏன் போயும் போயும் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள்? அதை முதலில் பார்த்துவிடலாம், ஆப்பிளுக்கு அப்புறம் வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. கல்லூரியில் இருபது வருடங்களுக்கு மேல் ஐரோப்பிய வரலாறு எடுத்தவன், அதில் பதினேழாம் நூற்றாண்டுக் கிழக்கு ஐரோப்பா எனக்குக் கொஞ்சம் பைத்தியம். ஆனால் போலிஷ் மொழி எனக்கு வாசிக்க வராது, ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் வந்ததை வைத்துத்தான் பேசுகிறேன். மூல ஆவணங்களைப் படித்தவர்கள் வந்து திருத்தினால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன். பெயர்களை முடிந்தவரை அவர்கள் உச்சரிப்பது போல் எழுதுகிறேன், வீடியோவில் மைக்கேல் என்று சொல்லியிருப்பார்கள், ஆள் ஒன்றுதான்.

"ஓட்டு" என்றதும் நம் மனதில் வருகிற படம் வேறு. போலந்தும் லித்துவேனியாவும் 1569ல் ஒரே குடியரசாகச் சேர்ந்தன. குடியரசு என்றுதான் அவர்களே சொல்லிக்கொண்டார்கள், தலைக்கு மேல் ஒரு ராஜாவை வைத்துக்கொண்டே. 1572ல் யாகியெல்லோன் வம்சத்தின் கடைசி மன்னர் வாரிசில்லாமல் இறந்த பிறகு, இனி ராஜாவை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்று பிரபுக்கள் முடிவு செய்தார்கள். இந்தப் பிரபுக்குலத்துக்கு ஷ்லாஹ்தா என்று பெயர். மற்ற பல நாடுகளில் பிரபுக்கள் என்றால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர், இங்கே நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் (பத்து வரை சொல்பவர்களும் உண்டு). அதில் பெரும்பாலானவர்கள் நீங்கள் நினைக்கிற மாதிரி மாளிகைவாசிகள் அல்ல. ஒரு துண்டு நிலமும் இடுப்பில் ஒரு வாளும் வைத்துக்கொண்டு, தானே ஏர் பிடிக்கிறவரும் பிரபுதான். சட்டப்படி அவரும் ஐம்பது ஊருக்குச் சொந்தக்காரரும் சமம். ராஜா தேர்தலுக்கு அவர் பிரதிநிதியை அனுப்பத் தேவையில்லை, தானே குதிரை ஏறி வார்சாவுக்குப் பக்கத்தில் இருந்த வோலா மைதானத்துக்கு வந்து கத்தலாம். மைதானத்தில் செனட்டர்களுக்கு ஒரு மரக்கொட்டகை, அதைச் சுற்றி மாகாணம் மாகாணமாக ஆயுதத்தோடு நிற்கிற கூட்டம். ஜெயித்தவர் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிரீடம் சூட முடியும். மகனுக்குத் தானாகப் பட்டம் கிடையாது, பிரபுக்களைக் கேட்காமல் போர் கிடையாது, புது வரி கிடையாது. வேலைக்கு ஆள் எடுப்பது போல ராஜாவை எடுத்தார்கள் என்று வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் அது பெரிய மிகை இல்லை.

இப்போது 1669க்கு வருவோம். அதற்கு முந்தைய இருபது வருடம் அந்த நாட்டுக்கு நரகம். 1648ல் உக்ரைனில் கோசாக்குகளின் (எல்லைப்புறப் புல்வெளிப் போர்வீரர்கள்) கிளர்ச்சி, அதைத் தொடர்ந்து ரஷ்யா, 1655ல் ஸ்வீடன், எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். போலந்துக்காரர்கள் அந்தக் காலத்தைப் "பெருவெள்ளம்" என்றே அழைக்கிறார்கள். மக்கள்தொகையில் கால் பங்குக்குக் குறையாமல் அழிந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு, அதை மதிப்பீடாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 1667 ஜனவரியில் ரஷ்யாவோடு செய்த அந்திருசோவோ உடன்பாட்டில் ஸ்மோலென்ஸ்க் போனது, நீப்பர் நதிக்குக் கிழக்கே இருந்த உக்ரைன் முழுவதும் போனது. இதற்கு நடுவில் மன்னர் யான் கசிமியெஷும், பிரான்ஸிலிருந்து வந்த அவர் மனைவி லுட்விகா மரியாவும், மன்னர் உயிரோடு இருக்கும்போதே ஒரு பிரெஞ்சு இளவரசரை அடுத்த ராஜாவாகத் தேர்ந்தெடுக்க வைக்க முயன்றார்கள். பிரபுக்குலம் கொதித்தது. 1665, 66ல் உள்நாட்டுப் போரே நடந்து, மோந்த்வி என்ற இடத்தில் மன்னரின் படை அடி வாங்கியது. 1667ல் ராணி இறந்தார், 1668 செப்டம்பரில் மன்னர் வெறுத்துப்போய் முடியைக் கழற்றி வைத்தார், பிறகு பிரான்ஸுக்குப் போய்விட்டார்.

ஆக, 1669 மைதானத்துக்கு வந்த சாதாரணப் பிரபு என்ன மனநிலையில் வந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வீடு எரிந்தது, நிலம் போனது, மேலே இருக்கிற பெரிய தலைகள் எல்லாம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு நம்மை விற்கப் பார்க்கிறார்கள். அந்தச் சந்தேகம் வெறும் கற்பனையும் அல்ல. களத்தில் இருந்தவர்கள் மூன்று பேர், மூவருமே வெளியாட்கள். ஜெர்மனியிலிருந்து நொய்புர்க் கோமகன், ஆஸ்திரியாவின் ஆசி பெற்ற லொரேன் சார்லஸ், பிரெஞ்சுத் தளபதி கோந்தே. கோந்தேவுக்காக உள்ளே வேலை பார்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. நாட்டின் தலைமைப் பேராயர் பிராஷ்மோவ்ஸ்கி, தளபதி யான் ஸோபியெஸ்கி, பொக்கிஷதாரர் மோர்ஷ்டின். ராஜா இல்லாத காலத்தில் ராஜாவின் இடத்தில் இருப்பவரே தலைமைப் பேராயர்தான், நடுவரே ஒரு கட்சியில் இருந்தால் ஆட்டம் எப்படி இருக்கும்? பிரபுக் கூட்டம் முதலில் கோந்தேவின் பெயரையே பட்டியலிலிருந்து அடிக்க வைத்தது. அப்புறமும் பெரியவர்கள் மற்ற இருவரை வைத்து இழுத்துக்கொண்டே இருக்க, ஜூன் 19ம் தேதி கூட்டம் பொறுமை இழந்து "பியாஸ்ட் வேண்டும்" என்று கத்த ஆரம்பித்தது. பியாஸ்ட் என்பது போலந்தின் ஆதி அரச வம்சம். அந்தச் சொல்லுக்கு அப்போது "நம்மூர் ஆள்" என்று அர்த்தம். வெளிநாட்டுக்காரர்கள் யாரும் வேண்டாம், உள்ளூர்க்காரனே போதும் என்று அரசின் துணைச் சான்சலராக (அமைச்சர் பதவி) இருந்த பிஷப் ஓல்ஷோவ்ஸ்கி முன்பே லத்தீனில் ஒரு பிரசுரம் போட்டு விதைத்திருந்தார், அது அன்று முளைத்தது.

சரி, உள்ளூர்க்காரர் வேண்டும், ஆனால் எந்த உள்ளூர்க்காரர்? பணக்காரப் பிரபு ஒருவரைப் போட்டால் மற்ற பணக்காரர்கள் விடமாட்டார்கள், சின்னப் பிரபுக்களுக்கும் பயம். அப்போது யாரோ மிஹாவ் பெயரைச் சொன்னார்கள். இவருடைய அப்பா யெரெமி விஷ்னியோவியெத்ஸ்கி, நீப்பருக்குக் கிழக்கே ஒரு தனி ராஜ்ஜியம் போல நிலம் வைத்திருந்தவர், இரண்டு லட்சத்துக்கு மேல் குடிகள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். கோசாக்குக் கிளர்ச்சியில் விட்டுக்கொடுக்காமல் போரிட்டவர், 1649ல் ஸ்பாராஷ் கோட்டை முற்றுகையைத் தாக்குப்பிடித்தவர்களில் முதல் பெயர் அவருடையது. போலிஷ் பிரபுக்களுக்கு அவர் வீரர், உக்ரைனியர்களின் நினைவில் அவர் ஊர் ஊராகக் கழுவேற்றிய கொடியவர், இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. 1651ல் அவர் நோயில் இறந்தபோது மிஹாவுக்கு வயது பதினொன்று. அந்த நிலம் முழுவதும் கோசாக்குகள் கையில். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். தாய்வழியில் பெரிய குடும்பம், அம்மா கிரிசெல்டா புகழ்பெற்ற சமோய்ஸ்கி வீட்டுப் பெண், ஆனால் மகன் படித்ததும் வளர்ந்ததும் உறவினர் தயவிலும் அரண்மனை தயவிலும். பிராகா, டிரெஸ்டன், வியன்னா என்று சுற்றினார். ஒரு பதவி வகித்ததில்லை, ஒரு படையை நடத்தியதில்லை. தேர்தல் மைதானத்துக்கு அவர் வந்தது வேட்பாளராக அல்ல, ஓட்டுப் போட.

நம் கதைகளில் ராஜா வாரிசில்லாமல் போனால் பட்டத்து யானையிடம் மாலையைக் கொடுத்து அனுப்புவார்கள், அது தெருவில் போகிற யார் கழுத்திலாவது போடும். கிட்டத்தட்ட அதுதான் நடந்தது, ஒரு வித்தியாசத்தோடு. யானைக்கு உள்நோக்கம் இல்லை, இந்தக் கூட்டத்துக்கு இருந்தது. மிஹாவிடம் பணம் இல்லை, ஆகவே யாரையும் வாங்க முடியாது. படை இல்லை, யாரையும் மிரட்ட முடியாது. கட்சி இல்லை, வெளிநாட்டு எஜமானர் இல்லை. அப்பா பெயர் மட்டும் இருந்தது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: தகுதி இல்லாமலும் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வது பாதிதான் சரி. எதுவும் இல்லாததுதான் அவருடைய தகுதி. அந்த ஓட்டு மிஹாவுக்கு விழுந்தது என்பதைவிடப் பேராயருக்கும் தளபதிக்கும் எதிராக விழுந்தது என்பதே பொருத்தம்.

அழுதாரா? அழுதார், முதலில் வேண்டாம் என்று மறுத்தார் என்று பல பேர் எழுதி வைத்திருக்கிறார்கள், நம்பலாம் என்றுதான் நினைக்கிறேன். 29 வயதுப் பையன், காலையில் கூட்டத்தில் ஒருவன், மாலையில் ராஜா, யாருக்கும் கண்ணீர் வரும். அது கோழைத்தனமா, கூச்சமா, சம்பிரதாயமாக வேண்டாம் என்று சொல்கிற வழக்கமா என்பதை அவரவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். குலப்பெயரோடு ஒட்டியிருக்கும் "கொரிபுத்" பற்றியும் ஒரு வார்த்தை: லித்துவேனியப் பெருங்கோமகன் அல்கிர்தாஸின் மகன் கொரிபுத்தின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று அந்தக் குடும்பம் சொல்லிக்கொண்டது. வரலாற்றாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. ஆனால் மைதானத்தில் நின்றவர்களுக்கு அது பழைய அரச ரத்தம் என்ற மாதிரி இனித்திருக்கும்.

இங்கிருந்து நடந்ததைத்தான் "மோசமான ஆட்சி" என்கிறார்கள். நான் அதைத் தோற்றவர்களின் பழிவாங்கல் என்று வாசிக்கிறேன், கூடவே ராஜாவின் கையாலாகாத்தனமும் சேர்ந்துகொண்டது. 1669 செப்டம்பர் 29ல் கிராக்கோவில் முடிசூட்டினார்கள். முடிசூட்டு விழாவோடு கூடிய நாடாளுமன்றமே கலைந்தது, அது அதற்கு முன் நடக்காத விஷயம். அவர்கள் நாடாளுமன்றமான செய்மில் ஒரே ஒரு உறுப்பினர் "எனக்குச் சம்மதமில்லை" என்று சொல்லிவிட்டால் போதும், அந்தக் கூட்டத்தொடரில் அதுவரை எடுத்த எல்லா முடிவும் செல்லாது. லிபெரும் வீட்டோ என்பார்கள், 1652ல் ஆரம்பித்த வியாதி. இந்த முறை எழுந்தவர் கீவ் மாகாணத்தின் ஒலிஸார். ரஷ்யாவுக்குப் போன பகுதிகளிலிருந்து வெளியேறியவர்களுக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை என்பது அவர் குறை. நியாயமான குறைதான், ஆனால் அதைச் சொன்ன விதத்தில் ராஜாவின் முதல் நாடாளுமன்றமே காலி. மிஹாவ் காலத்தில் மொத்தம் ஆறு செய்ம் கூடின, நாலு கலைந்தன. செய்ம் கலைந்தால் வரி இல்லை, வரி இல்லை என்றால் படைக்குச் சம்பளம் இல்லை. இந்த ஒரு சங்கிலி புரிந்தால் அடுத்து 1672ல் நடந்தது எதுவும் ஆச்சரியமாக இருக்காது.

எதிரணிக்கு "மனக்குறையாளர்கள்" என்ற அர்த்தத்தில் ஒரு பெயரே உண்டு. தலைவர்கள் அதே பிராஷ்மோவ்ஸ்கி, அதே ஸோபியெஸ்கி. கொள்கை, பிரெஞ்சு ஆதரவு எல்லாம் இருந்தது உண்மைதான், ஆனால் எனக்கு எப்போதும் சுவாரசியமாகப் படுவது அதன் அடியில் இருந்த குடும்பச் சண்டை. மிஹாவின் தாய்மாமன் யான் சமோய்ஸ்கி 1665ல் இறந்தார். அவர் மனைவி மரியா கசிமியேரா என்ற பிரெஞ்சுப் பெண், அதாவது மிஹாவுக்கு மாமி முறை. மாமா இறந்த சில மாதங்களிலேயே அந்த மாமி ஸோபியெஸ்கியைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்புறம் சமோய்ஸ்கி சொத்து யாருக்கு என்று ஒரு பக்கம் மிஹாவின் அம்மா, மறுபக்கம் இந்த மாமி. சொத்துத் தகராறில் இருக்கிற இரண்டு வீடுகளில் ஒரு வீட்டுப் பையன் திடீரென்று ராஜாவாகிவிட்டால் மற்ற வீடு அவரை என்றைக்காவது ராஜா என்று மதிக்குமா? இதை ஒரு பெரிய காரணம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் பாடப்புத்தகங்களில் இது விட்டுப்போகிறது.

மிஹாவ் என்ன செய்தார்? உள்ளே ஆள் இல்லாதவர் வெளியே தேடினார். 1670 பிப்ரவரியில் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் லியோபோல்டின் தங்கை எலியனோராவைச் செஸ்தொஹோவாவின் யாஸ்னா கூரா மடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அவளுக்குப் பதினாறு வயது. அவள் மனதில் இருந்தவரோ தேர்தலில் தோற்ற லொரேன் சார்லஸ் என்பார்கள். ராஜாவின் கணக்குத் தப்பில்லை, பேரரசரின் மைத்துனன் என்றால் கை வைக்க யோசிப்பார்கள். ஆனால் பிரெஞ்சுக் கட்சிக்கு இது எரிகிற நெருப்பில் எண்ணெய். ராஜாவை இறக்கிவிட்டு லோங்வில் கோமகன் என்ற பிரெஞ்சு இளைஞரைக் கொண்டுவருவது என்று ரகசியமாகத் திட்டம் போட்டார்கள். 1672 ஜூனில் அந்த இளைஞர் ரைன் நதியைக் கடக்கும் சண்டையில் இறந்துபோக, இலவு காத்த கிளி ஆனார்கள்.

அதே 1672தான் பெரிய அடி விழுந்த வருடம். கோசாக்குத் தலைவர் தொரொஷென்கோ போலந்தையும் நம்பாமல் ரஷ்யாவையும் நம்பாமல் துருக்கி சுல்தானின் குடைக்குள் போயிருந்தார். ஸோபியெஸ்கி முந்தைய வருடம் அவரை எதிர்த்துச் சில வெற்றிகள் பெற்றார், அது சுல்தானுக்குச் சாக்காகவும் ஆயிற்று. சுல்தான் நான்காம் மெஹ்மெத் தானே படையோடு வந்தார், கூடவே முதன்மை வசீர் கொப்ருலு அகமது பாஷா. படை எத்தனை பேர் என்பதில் ஆளுக்கு ஒரு எண், 80 ஆயிரத்துக்குக் குறையாது என்பதில் பெரிய சண்டை இல்லை. எதிரே தென்கிழக்கு மாகாணமான பொதோலியாவின் காமெனியெத்ஸ் கோட்டையில் (இன்று உக்ரைனில் இருக்கிறது) காவலுக்கு இருந்தவர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில். நதி வளைத்துப் போகிற பாறை மேல் கட்டிய கோட்டை அது, அசைக்க முடியாது என்று பேர் வாங்கியது. ஆகஸ்ட் மாதம் பத்து நாள்கூட முழுசாகத் தாங்கவில்லை. சரணடைந்த கையோடு வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பல நூறு பேர் இறந்தார்கள். ஹெய்கிங் என்ற அதிகாரி சரணடைய மனமில்லாமல் பற்ற வைத்தார் என்பது பரவலான கதை, விபத்து என்பவர்களும் உண்டு. ஊரின் கத்தீட்ரலை மசூதியாக்கி ஒரு மினார் கட்டினார்கள். அந்த மினார் இன்றும் நிற்கிறது, உச்சியில் பின்னாளில் வைத்த மாதா சிலையோடு. எனக்குத் தெரிந்து இந்த ஆட்சியின் கதையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான கட்டடம் வேறில்லை.

அப்புறம் துருக்கியர் ல்வூவ் நகரை (இன்றைய உக்ரைனின் லிவிவ்) வளைத்து 80,000 தாலர் கேட்டார்கள், நகரத்தார் கையில் இருந்ததைக் கொடுத்து மீதிக்கு ஆட்களைப் பிணையாக அனுப்பினார்கள். 1672 அக்டோபர் 18ல் புச்சாச் உடன்பாடு. பொதோலியா சுல்தானுக்கு, உக்ரைனின் ஒரு பகுதி தொரொஷென்கோவுக்கு, அதற்கு மேல் ஆண்டுக்கு 22,000 கப்பம். அது தங்க நாணயமா வெள்ளித் தாலரா என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. அவமானம் தொகையில் இல்லை, கப்பம் கட்டுகிற நாடு என்ற பெயரில் இருந்தது. வீடியோ சொன்ன "பாதி நாடு" என்பது பொய். போனது தென்கிழக்கு மூலை, நாட்டின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. இன்னொன்று, இந்த உடன்பாட்டைச் செய்ம் கடைசி வரை அங்கீகரிக்கவே இல்லை.

இதே அக்டோபரில் நாட்டுக்குள் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் தலை சுற்றும். துருக்கியரோடு போரிட என்று கூட்டப்பட்ட பிரபுக்களின் படை, லுப்லினுக்குப் பக்கத்தில் கோவோம்ப் என்ற இடத்தில் கூடி, துருக்கியரை விட்டுவிட்டு, "ராஜாவைக் காப்போம், துரோகிகளை ஒழிப்போம்" என்று சங்கம் அமைத்தது. பேராயரின் சொத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்றார்கள். பதிலுக்கு ஸோபியெஸ்கியின் சம்பளப் படை ஷ்செப்ஷெஷினில் தன் தளபதிக்காக ஒரு சங்கம் அமைத்தது. வெளியே சுல்தான், உள்ளே இரண்டு ஆயுதக் கூட்டங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு. ஸோபியெஸ்கி மீதான கோபம் எனக்கு இங்கே கொஞ்சம் குறைகிறது, ஏனென்றால் அதே வாரங்களில் அவர் சின்னக் குதிரைப்படையோடு சுல்தான் பக்கம் நின்ற தாத்தாரியக் கொள்ளைக்காரர்களைத் துரத்தி ஆயிரக்கணக்கான கைதிகளை மீட்டார். 44 ஆயிரம் என்ற எண் அவர் தரப்புக் கணக்கு, அப்படியே நம்ப வேண்டியதில்லை.

உள்நாட்டுப் போர் வெடிக்காமல் நின்றது 1673ன் ஆரம்பத்தில் கூடிய செய்மால். இதைத்தான் வீடியோக்கள் சொல்வதில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பிரபு எழுந்து ஸோபியெஸ்கி காசு வாங்கிக்கொண்டு காமெனியெத்ஸை விற்றார் என்று குற்றம் சாட்டி, பிறகு அது தூண்டிவிட்டுச் சொல்ல வைத்த பொய் என்று வெளிவந்தது. அதையும் தாண்டிச் சமரசம் ஆனது. கப்பம் கட்ட வேண்டாம், போருக்கு வரி போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். ராஜாவின் ஜென்ம எதிரி பிராஷ்மோவ்ஸ்கி அந்த ஏப்ரலில் இறந்தார். இலையுதிர்காலத்தில் முப்பதாயிரம் பேர் அளவில் படை திரண்டது. மிஹாவ் தானே முகாமுக்குப் போய்ப் படையைப் பார்வையிட்டார், உடம்பு முடியவில்லை, தலைமையை ஸோபியெஸ்கியிடம் விட்டுவிட்டு ல்வூவுக்குத் திரும்பினார். இந்த ஒரு காரியத்தில் அவருக்குக் கொஞ்சம் மதிப்புக் கொடுக்கலாம் என்பது என் தனிக் கருத்து. தன்னை இறக்கப் பார்த்தவன் கையில் நாட்டின் மொத்தப் படையையும் விட்டார். வேறு வழி இல்லை என்பீர்கள், சரிதான், ஆனால் வேறு வழி இல்லாதபோதும் குறுக்கே நிற்கிற ராஜாக்களை வரலாற்றில் நிறையப் பார்த்திருக்கிறோம்.

இனி ஆப்பிள். மிஹாவ் சாப்பாட்டுப் பிரியர் என்பது பல பக்கத்திலிருந்தும் வருகிற செய்தி, அதை நான் மறுக்கமாட்டேன். கிதான்ஸ்க் நகரத்தார் பரிசாகக் கொடுத்த ஆயிரம் ஆப்பிளைத் தின்றுவிட்டார் என்பது அவர் காலத்தைச் சுற்றி உலவிய ஒரு நக்கல் கதை. ஆயிரம் ஆப்பிள் என்றால் எத்தனை கூடை என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும். அதோடு அந்தக் கதை சாவைப் பற்றியதே இல்லை, பெருந்தீனியைப் பற்றியது. இரண்டையும் ஒட்டவைத்தது பிற்காலக் கைவேலை. அவர் வயிற்றுக் கோளாறில் இறந்தார் என்பது வரை எல்லாரும் ஒத்துப்போகிறார்கள், வயிற்றுப் புண் என்பது அதிகம் பேர் சொல்வது. விஷம் வைத்தார்கள் என்ற வதந்தி அப்போதே கிளம்பியது, அந்த நூற்றாண்டில் எந்த ராஜா இளவயதில் செத்தாலும் கிளம்புகிற வதந்திதான். அதே போல "எட்டு மொழி தெரியும், எதிலும் சொல்லத்தக்க விஷயம் ஒன்றும் இல்லை" என்ற பேர்போன கிண்டல். மொழிகள் பல தெரியும் என்பது உண்மை, மற்றது எதிரிகளின் நாக்கு. மிஹாவைப் பற்றிய சுவையான செய்திகளில் பெரும்பகுதி பிரெஞ்சுத் தூதர்களின் கடிதங்களிலிருந்தும் ஸோபியெஸ்கி தரப்பிலிருந்தும் வருகின்றன. அவருக்கு ஆதரவாக நின்ற சின்னப் பிரபுக்கள் அந்த அளவுக்குக் கடிதம் எழுதுகிற கூட்டம் அல்ல. எழுதினவன் சொன்னது நின்றுவிட்டது. இதற்காக அவரை நல்ல ராஜா என்று தூக்கிப் பிடிக்கவும் நான் தயாரில்லை. நாலு வருடத்தில் அவர் தானாக முன்வந்து ஒரு பெரிய காரியத்தைத் தொடங்கினார் என்று சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இக்கட்டில் ஓல்ஷோவ்ஸ்கி சொன்னதைச் செய்தார், மனைவியின் அண்ணன் சொன்னதைச் செய்தார், கூட்டம் கத்தியதைச் செய்தார். "போலந்தின் மிக மோசமான மன்னர்" பட்டத்துக்கு அவர் தகுதி பெறுவார் என்று நினைக்கவில்லை, முதல் தேர்தலில் ஜெயித்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி 1574ல் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டே ஓடினார், அவரை என்ன சொல்வது?

மிஹாவ் இறந்தது 1673 நவம்பர் 10, ல்வூவில், 33 வயதில். மறுநாள், நவம்பர் 11ல், நீஸ்தர் நதிக்கரை ஹோச்சிமில் ஸோபியெஸ்கி துருக்கிய முகாமை உடைத்துப் பெருவெற்றி பெற்றார். ராஜா இறந்த செய்தி அப்போது படையை எட்டியிருக்கவில்லை. வெற்றியின் பலன் முழுவதும் தளபதிக்குப் போனது, 1674 மே மாதம் அதே வோலா மைதானத்தில் அவரையே ராஜாவாக்கினார்கள். பொதோலியா மட்டும் உடனே திரும்பவில்லை, 1699 வரை துருக்கியர் கையில்தான் இருந்தது. மிஹாவின் அடக்கம்கூட உடனே நடக்கவில்லை. பிரான்ஸுக்குப் போன பழைய மன்னர் யான் கசிமியெஷ் 1672 டிசம்பரில் அங்கே இறந்திருந்தார், அவர் உடலும் மிஹாவின் உடலும் காத்திருந்து, 1676 ஜனவரி கடைசியில் கிராக்கோவின் வாவெல் கத்தீட்ரலில் ஒரே சடங்கில் இறங்கின. இரண்டு நாள் கழித்து அதே கத்தீட்ரலில் ஸோபியெஸ்கிக்கு முடிசூட்டு விழா. இருபது வயதில் விதவையான எலியனோரா 1678ல் லொரேன் சார்லஸையே கல்யாணம் செய்துகொண்டாள். அந்தச் சார்லஸும் ஸோபியெஸ்கியும்தான் 1683ல் வியன்னாவுக்கு வெளியே அடுத்தடுத்து நின்று துருக்கிய முற்றுகையை உடைத்தவர்கள்.